வெப்பம் எங்கே போகிறது? வரைகலை அட்டைகளைக் குளிர்வித்த வரலாறு

'குளிர்வித்தல்' ஒரு பிறவினை. செய்வதற்கு ஒருவரும் செயப்படுவதற்கு ஒரு பொருளும் இருந்தால் அதற்குப் போதும். 'நகர்த்துதல்' என்றால் 'எங்கிருந்து, எங்கே' என்று கேட்கத் தோன்றும்; 'குளிர்வித்தல்' அக்கேள்வியை எழுப்புவதில்லை. இயற்பியலிலோ வெப்பம் அழிவதில்லை, இடம்தான் மாறுகிறது. கணினியின் வரைகலை அட்டைகள் குளிர்விக்கப்பட்ட ஏறத்தாழ முப்பதாண்டு வரலாற்றை, விடுபட்டுப்போன இந்த 'எங்கே' என்னும் வினாவைக் கொண்டு வாசிக்கலாம்.

1996இல் த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனம் வெளியிட்ட வூடூ அட்டையின் சில்லுகள் மீது எதுவும் பொருத்தப்படவில்லை. அவற்றின் வெப்பத்தைப் பெட்டிக்குள் இருந்த காற்றே ஏற்றுக்கொண்டது. அடுத்து அலுமினியத் தகடுகள் வந்தன. 1999இல் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256 வந்தபோது சில்லின் மேல் சிறு விசிறி சுழன்றது. வெப்பம் சில்லை விட்டு நீங்கியது. ஆயினும் பெட்டியை விட்டு நீங்கவில்லை.

2003இல் வெளிவந்த ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா அந்த எல்லையையும் கடக்க முயன்றது. செப்பு வெப்பக் குழாய்களும் ஊதியும் கொண்டு இரண்டு அட்டைகளுக்குரிய இடத்தை அடைத்துக்கொண்ட அது, வெளிக்காற்றை உள்ளே இழுத்து, சூடேறிய காற்றை மீண்டும் வெளியே தள்ளியது. பெட்டியின் சுமை அறையில் இருந்தவரின் காதுக்கு மாறியது. அதன் இரைச்சல் பேர்போனதாகி, தயாரித்த நிறுவனமே தன்னைக் கேலிசெய்து ஒரு காணொளி வெளியிட்டது. அதே ஆண்டிலேயே அமைதியான மாற்று அட்டையும் வந்தது.

இந்த நெருக்கடிக்கு ஆழமான காரணம் உண்டு. டிரான்சிஸ்டர்கள் சிறுத்துவரும்போது அவற்றின் மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், ஒரு சதுர மில்லிமீட்டரில் எழும் வெப்பம் கூடாது என்பதை 1974இல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய குழுவினரும் நிறுவியிருந்தனர். 2000களின் நடுப்பகுதியில், கசிவு மின்னோட்டம் மிகுந்ததால், மின்னழுத்தத்தை முன்போல் குறைக்க இயலவில்லை. டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கையோடு வெப்பமும் ஏறத் தொடங்கியது.

சூடேறுவதும் ஆறுவதும் மாறிமாறி நிகழும்போது, வெவ்வேறு அளவில் விரியும் பொருள்களுக்கு இடையிலான பற்றாசு இணைப்புகள் களைத்து விரிசல் விடுகின்றன. 2007இல் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிகளின் பழுதுகளுக்காக மைக்ரோசாஃப்ட் 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. பின்னாளில் அதற்குக் காரணமாக அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் சுட்டியது இத்தகைய விரிசல்களையே. 2008இல் என்விடியாவும் மடிக்கணினிச் சில்லுகளின் பொதியப் பொருள் வலுவற்றிருந்ததை ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. வெப்பத்தின் செலவு கணக்கேட்டில் பதிவான தருணங்கள் இவை.

அதன் பின்னரும் ஏற்றம் நிற்கவில்லை. 2010இல் ஜீஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 480இன் வரையறை 250 வாட். 2025இல் ஆர்டிஎக்ஸ் 5090இன் வரையறை 575 வாட். செயற்கை நுண்ணறிவுக்கென 2022இல் அறிமுகமான எச்100 சில்லு 700 வாட் வரை எடுக்கும். அதற்கடுத்த தலைமுறையில் 72 சில்லுகள் கொண்ட ஒரே அடுக்கு ஏறத்தாழ 120 கிலோவாட் கேட்கிறது. காற்றால் அதைச் சுமக்க இயலாது, திரவம் வேண்டும். திரவம் புதிதன்று: 1985இன் க்ரே-2 மீக்கணினியின் மின்சுற்றுகள் குளிர்திரவத்தில் மூழ்கியே இயங்கின.

சில்லைச் சுற்றி ஓடும் திரவம் மூடிய குழாயில் சுழல்வதால் அது செலவாவதில்லை. ஆனால் அது ஏந்திவரும் வெப்பத்தைக் கட்டடத்துக்கு வெளியே, பல இடங்களில், குளிர்விப்புக் கோபுரம் நீரை ஆவியாக்கியே வெளியேற்றுகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். 700 வாட் சில்லு ஒரு நாள் முழுதும் உழைத்து, அதன் வெப்பம் முழுவதும் இவ்வழியே போனால், 25 லிட்டர் நீர் செலவாகும். 120 கிலோவாட் அடுக்குக்கு 4,000 லிட்டருக்கு மேல். நீரைத் தவிர்க்கும் உலர்முறைகளும் உண்டு. வெப்பமான ஊர்களில் அவை கூடுதல் மின்சாரம் கேட்கும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2022இல் நிறுவப்பட்ட பரம் பிரவேகா மீக்கணினியும் திரவத்தால் குளிர்விக்கப்படுவதே. 2024 கோடையில் அதே நகரில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி மக்கள் தண்ணீர் லாரிகளுக்குக் காத்திருந்தனர். இவ்விரண்டையும் காரண காரியமாகப் பிணைப்பது பிழை. எனினும் இத்தகைய நகரங்களில் தரவு மையங்கள் பெருகும்போது, அவற்றின் நீர்க்கணக்கைக் கேட்பது பிழையன்று.

அந்தக் கணக்கும் தாமதமாகவே வந்தது. தரவு மையங்களின் திறனை அளக்க 2007இல் முன்வைக்கப்பட்ட விகிதம் மின்சாரத்தை மட்டுமே எண்ணியது. நீரை எண்ணும் அளவுகோலைக் 'கிரீன் கிரிட்' அமைப்பு 2011இல்தான் முன்மொழிந்தது. சில்லிலிருந்து தகட்டுக்கும், பெட்டிக்கும், அறைக்கும், இறுதியில் ஊரின் நீருக்கும் காற்றுக்கும் வெப்பம் கைமாறியிருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் சிக்கல் தீர்ந்ததாக அறிவித்தவர்கள் முந்தைய இடத்தில் நின்றவர்கள். 'எதைக் குளிர்வித்தோம்' என்று கூறும் ஒவ்வோர் அறிக்கையும் 'எங்கே அனுப்பினோம்' என்பதையும் கூறினால்தான் அந்த வாக்கியம் நிறைவுறும்.