இணையத்தில் பழைய கார் வாங்கப் போகிறீர்களா? முன்பணம் செலுத்தும் முன் இவற்றைச் சரிபாருங்கள்

பேருந்தும் ரயிலும் எட்டாத தாமான்களில் வசிக்கும் நம் குடும்பங்களுக்கு, வேலைக்குப் போகவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் ஒரு கார் அவசியமாகிறது. புதிய கார் வாங்க வசதி இல்லாதவர்கள் முடா, பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற தளங்களில் பழைய மைவியோ சாகாவோ தேடுகின்றனர். மோசடிக்காரர்களும் அங்கேதான் காத்திருக்கின்றனர். பல ஆண்டு சேமிப்பு ஒரே பணப் பரிமாற்றத்தில் போய்விடக்கூடும். அவர்கள் கையாளும் முறைகளையும் தப்பிக்கும் வழிகளையும் பார்ப்போம்.

பாதி விலைக் கார்

சந்தையில் 25,000 ரிங்கிட்டுக்கு விற்கப்படும் கார் 13,000 ரிங்கிட் என்று விளம்பரம் வருகிறது என வைத்துக்கொள்வோம். கேட்டால், தமக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது, கார் சபாவில் இருக்கிறது, கப்பலில் அனுப்பி வைக்கிறேன் என்பார் விற்பவர். “இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், 500 ரிங்கிட் போட்டால் உங்களுக்கே ஒதுக்கி வைக்கிறேன்” என்று அவசரப்படுத்துவார். அந்தப் பணம் போனதும் கப்பல் கட்டணம், காப்புறுதி, பத்திரச் செலவு என்று அடுத்தடுத்துக் கேட்பார். கார் மட்டும் வராது.

சுங்கத்துறை ஏலக் கார், லங்காவி அல்லது லபுவான் கார் என்ற பெயரிலும் இதே ஏமாற்று நடக்கிறது. அரச மலேசிய சுங்கத்துறை ஏலப் பொருளுக்கு வாட்ஸ்அப்பில் பேசித் தனிநபர் கணக்கில் பணம் வாங்குவதில்லை. வரியில்லாத் தீவுகளில் வரிவிலக்குடன் பதிவான காரை, வரி செலுத்தாமல் தீபகற்பத்தில் நிரந்தரமாக வைத்திருக்கவும் முடியாது.

நடுவில் நிற்கும் ஆசாமி

காரை நேரில் பார்த்துவிட்டாலே பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. உண்மையான உரிமையாளர் போட்ட விளம்பரத்தின் படங்களை எடுத்து, குறைந்த விலையில் மறுவிளம்பரம் செய்பவர்கள் இருக்கின்றனர். அந்த நபர் உரிமையாளரிடம், “என் உறவினர் காரைப் பார்க்க வருவார், அவரிடம் விலை பேச வேண்டாம்” என்பார். உங்களிடம், “என் தம்பி காரைக் காட்டுவார், விலையை என்னிடம் மட்டும் பேசுங்கள்” என்பார். நீங்கள் உண்மையான காரையும் உண்மையான உரிமையாளரையும் பார்ப்பீர்கள். பணம் மட்டும் மூன்றாவது நபரின் கணக்குக்குப் போய்விடும்.

இதற்கு மருந்து எளியது. காரின் பக்கத்தில் நிற்பவரிடமே, “என்ன விலைக்கு விற்கிறீர்கள், பணம் யாருடைய கணக்குக்குப் போக வேண்டும்?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கணக்கில் உள்ள பெயரும் உரிமையாளரின் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சம்புங் பாயார் என்னும் பொறி

வங்கிக் கடன் கிடைக்காதவர்கள் அதிகம் சிக்குவது இதில்தான். ஒருவர் தம் கார் கடனைக் கட்ட முடியாமல், சிறு தொகை வாங்கிக்கொண்டு காரைக் கொடுத்துவிடுகிறார். மாதத் தவணையை நீங்கள் தொடர்ந்து கட்ட வேண்டும் என்பது வாய்மொழி ஒப்பந்தம். ஆனால் கடன் தீரும்வரை காரின் மீது வங்கிக்கே உரிமை உண்டு. வங்கியின் சம்மதம் இல்லாமல் காரைக் கைமாற்ற அதில் பதிவாகியிருப்பவருக்கு அதிகாரம் இல்லை.

நீங்கள் தவணைப் பணத்தைச் சரியாகக் கொடுத்தாலும், அவர் அதை வங்கியில் கட்டாமல் இருக்கலாம். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் 21 நாள் அறிவிப்பு கொடுத்து வங்கி காரைப் பறிமுதல் செய்யும் நடவடிக்கையில் இறங்கலாம். அந்த அறிவிப்பு கடன் வாங்கியவருக்குத்தான் போகும். கார் இழுத்துச் செல்லப்படும் நாளில்தான் உங்களுக்குத் தெரியவரும். கட்டிய பணத்துக்கு எந்த ஆவணமும் உங்கள் பெயரில் இருக்காது. காரைக் கொடுத்தவருக்கும் ஆபத்து உண்டு. கடன் பாக்கியும் சம்மன்களும் அவர் பெயரிலேயே சேரும்.

பார்க்க வேண்டியவை

காரைப் பகலில், விற்பவரின் வீட்டிலோ நடமாட்டமுள்ள இடத்திலோ பாருங்கள். கெரான் எனப்படும் உரிமைச் சான்றிதழில் உள்ள பெயரை அடையாள அட்டையுடன் ஒப்பிடுங்கள். விற்பவரையே தம் கைப்பேசியில் மைஜேபிஜே செயலியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கார் அவர் பெயரில் இருந்தால் அதில் தெரியும்.

சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் காரிலும் சான்றிதழிலும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணைச் சுற்றித் தேய்த்த தடமோ புதிய வெல்டிங்கோ இருந்தால் வேண்டாம். உரிமை மாற்றத்துக்கு முந்திய புஸ்பாகோம் பரிசோதனை காரின் அடையாளத்தையும் அடிப்படைப் பாதுகாப்பையும் பார்ப்பதற்கானது. எஞ்சின் எத்தனை நாள் ஓடும் என்று அது சொல்லாது. ஆகவே தெரிந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரைக் கண்டுபிடிக்க, கால்விரிப்பைத் தூக்கிச் சேறும் துருவும் உள்ளதா எனப் பாருங்கள். சீட்பெல்ட்டை முழுதாக இழுத்துக் கறை இருக்கிறதா என்று கவனியுங்கள்.

பணம் கொடுக்கும் முறை

போலீசின் செமாக் மியூல் இணையத்தளத்தில் விற்பவரின் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் இலவசமாகச் சோதிக்கலாம். புகார் பதிவாகியிருந்தால் அது காட்டும். எதுவும் காட்டவில்லை என்பதற்காக அந்தக் கணக்கு நல்லது என்று முடிவு செய்துவிட வேண்டாம். புதிதாகத் திறந்த கணக்காகவும் இருக்கலாம்.

காருக்குக் கடன் பாக்கி இருந்தால் விற்பவருடன் வங்கிக்கே சென்று மீதித் தொகையை உறுதிப்படுத்துங்கள். அந்தத் தொகையை நேராக வங்கிக்குச் செலுத்தி, எஞ்சியதை மட்டும் விற்பவரிடம் கொடுங்கள். கடன் இல்லாத காருக்கு முழுப் பணத்தையும் உரிமை மாற்றத்தின்போது கொடுப்பதே நல்லது. இருவரும் சேர்ந்து ஜேபிஜே அலுவலகம் சென்று முடித்தால் சந்தேகத்துக்கு இடமிருக்காது. கார் விற்பனை நிறுவனம் என்றால் எஸ்எஸ்எம் பதிவைப் பாருங்கள். பணம் நிறுவனக் கணக்கில்தான் சேர வேண்டும். விற்பனையாளரின் சொந்தக் கணக்கில் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஏமாந்துவிட்டால்

பணம் அனுப்பியது தெரிந்த உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள். 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய மோசடி பதிலளிப்பு மையத்தின் எண் இது. பணம் வேறு கணக்குகளுக்குச் சிதறுவதற்குள் முடக்க முயல்வதால், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். உங்கள் வங்கிக்கும் தெரிவித்து, அருகிலுள்ள நிலையத்தில் போலீஸ் புகார் செய்யுங்கள். விளம்பரப் படம், உரையாடல், பரிமாற்ற ரசீது எதையும் அழித்துவிடாதீர்கள். குற்றவியல் சட்டம் 420ஆவது பிரிவின் கீழ் குற்றம் நிரூபிக்கப்பட்டால் ஓராண்டு முதல் 10 ஆண்டு வரை சிறை, பிரம்படி, அபராதம் ஆகியவை விதிக்கப்படலாம்.

பதிவுபெற்ற கார் நிறுவனம் குறைபாட்டை மறைத்து விற்றிருந்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தை நாடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை. தனிநபரிடம் வாங்கிய காருக்கு இந்த வழி கிடையாது என்பதால், அத்தகைய கொள்முதலில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

ஏமாந்தவர்களில் பலர் வெட்கப்பட்டு வீட்டில்கூடச் சொல்வதில்லை. அந்த மௌனம் மோசடிக்காரருக்குத்தான் உதவுகிறது. நீங்கள் கொடுக்கும் ஒரு புகார், செமாக் மியூலில் அந்தக் கணக்கு எண்ணைத் தேடும் அடுத்தவரின் பணத்தைக் காப்பாற்றக்கூடும்.