டஃபியும் நீலகிரியும்

ஏ, பி, ஓ குரூப்பும் ஆர்ஹெச்சும் பொருந்தினா ரத்தம் ஏத்திடலாம்னு நினைக்கிறோம். எப்பவும் அது போதாதுங்க. பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஹீமோஃபீலியா நோயாளி ஒருவரின் ரத்தத்தில் 1950-ல் புது எதிர்ப்பொருள் ஒன்று சிக்கியது. அவர் பேரே அந்த ரத்த வகைக்கும்: டஃபி.

அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் மேரி கட்புஷ். இவரும் ஹெர்மன் லேமனும்தான் 1952-ல் நம்ம நீலகிரிப் பழங்குடிகளிடம் சிக்கிள் செல் மரபு இருப்பதைச் சொன்னவர்கள்.

இங்கேதான் ரெண்டு கதையும் சேருது. சிக்கிள் செல் நோயாளிகள் பலருக்கு அடிக்கடி ரத்தம் ஏத்தணும். டஃபி மாதிரி சில்லறை வகைகளுக்கு எதிர்ப்பொருள் உருவானால், அடுத்த முறை ஏத்திய ரத்தம் சில நாள் கழிச்சு உடையும். காய்ச்சல், மஞ்சள் காமாலை. பார்த்தா நோயே முத்தின மாதிரி இருக்கும், யாரும் ரத்தப் பையைச் சந்தேகப்பட மாட்டாங்க.

இந்த மாதிரி விளைவுகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டம் இந்தியாவில் வந்தது 2012 டிசம்பரில். அறுபது வருஷம்! ரத்தம் ஏத்தி ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா, டாக்டர்கிட்ட ரத்தம் ஏத்தினதையும் சேர்த்துச் சொல்லுங்க மக்களே.