இன்ட்டும் பிக்இன்ட்டும்: இரண்டு டேட்டாபேஸ்கள், இரண்டு நியாயங்கள்

வாடிக்கையாளர் டேபிளின் பிரைமரி கீ பிக்இன்ட். ஆர்டர் டேபிளில் அதைச் சுட்டும் நெடுவரிசை வெறும் இன்ட். ஃபாரின் கீ போடப் போனால் மைஎஸ்கியூஎல் முடியாது என்கிறது. போஸ்ட்கிரெஸ் மறுபேச்சில்லாமல் ஏற்கிறது.

மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி பார்ப்பது, மதிப்பு எந்த வடிவில் சேமிக்கப்படுகிறது என்பதை. முழு எண் என்றால் அளவும் பொருந்த வேண்டும், குறியும் பொருந்த வேண்டும். ஒரு பக்கம் அன்சைன்டு என்றால் மறுபக்கமும் அதேதான். 2019-இல் லாராவெல் 5.8 தன் யூசர்ஸ் டேபிளின் ஐடியை பிக்இன்ட் ஆக்கியபோது, பழைய பழக்கத்தில் அன்சைன்டு இன்ட் எழுதியவர்கள் இதில்தான் மாட்டினார்கள். எழுத்து வகையில் விதி வேறு. வர்கார் 50, வர்கார் 255-ஐத் தாராளமாகச் சுட்டலாம். கொலேஷன் வேறாக இருந்தால்தான் போச்சு. மைஎஸ்கியூஎல் 8.0-இல் இயல்பு கேரக்டர் செட் லத்தீன்1-லிருந்து யுடிஎஃப்8எம்பி4-க்கு மாறியதால், பழைய டேபிளோடு புதியதை இணைக்கும்போது இது அடிக்கடி தலைகாட்டும். முன்பெல்லாம் 1215 என்ற பிழை எண்ணை நீட்டிவிட்டுக் காரணத்தை நம்மையே தேட விடும். 8.0 பரவாயில்லை: 3780 என்று சொல்லி, ஒத்துப்போகாத இரு நெடுவரிசைகளையும் பெயரிட்டுக் காட்டுகிறது.

போஸ்ட்கிரெஸ் கேட்பது வேறு கேள்வி: இவை இரண்டும் சமமா என்று பிரைமரி கீயின் இன்டெக்ஸை வைத்தே சரிபார்க்க முடியுமா? இன்ட், பிக்இன்ட் இரண்டுக்கும் முடியும். இன்ட், நியூமெரிக்கைச் சுட்டலாம். திருப்பிப் போட்டால் நடக்காது, ஏனென்றால் நியூமெரிக் தானாக இன்ட் ஆகாது. டெக்ஸ்ட், இன்ட்டைச் சுட்டவே முடியாது. இந்தக் கறாரும் 2008-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 8.3 முதல்தான்.

எனக்கு மைஎஸ்கியூஎல்லின் முரட்டுத்தனமே ஒரு வகையில் நிம்மதி. போஸ்ட்கிரெஸ்ஸில் வாடிக்கையாளர் எண் 2147483647-ஐத் தாண்டும்வரை ஒரு குறையும் தெரியாது; தாண்டியதும் புது வாடிக்கையாளரின் ஆர்டர் ‘இன்டிஜர் அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று நின்றுவிடும். ஆனால் திருத்தும் வேலையில் போஸ்ட்கிரெஸ்தான் சௌகரியம். தாய் டேபிளை இன்று, பிள்ளை டேபிளை அடுத்த மாதம் மாற்றலாம், கீ அப்படியே இருக்கும். மைஎஸ்கியூஎல்லில் பொதுவாகக் கீயைக் கழற்றி, இரண்டையும் மாற்றி, மறுபடி மாட்ட வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸிலும் இன்ட்டை பிக்இன்ட் ஆக்கும்போது டேபிள் முழுவதும் மாற்றி எழுதப்படும், அதுவரை பூட்டுதான். பிள்ளை டேபிள்களில் ஒளிந்திருக்கும் இன்ட்டுகளை, டேபிள் சிறிதாக இருக்கும்போதே தேடி மாற்றிவிட்டால் அந்தப் பூட்டு சில நொடிகளோடு போகும்.