கூப்பர் ஓடை மரம் கூறும் பாடம்

பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள். அவற்றுள் கூத்தராற்றுப்படை என்னும் மலைபடுகடாம், நன்னனின் மலைநாட்டுக்குச் செல்லும் கூத்தருக்குக் காட்டுவழியின் இடர்களை ஒன்றுவிடாமல் எடுத்துரைக்கின்றது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாசி வழுக்கும் பாறையை எப்படிக் கடப்பது என்றெல்லாம் சொல்லிவரும் பெருங்கௌசிகனார், வழிகள் பலவாகப் பிரியும் இடத்தில் வேறோர் அறிவுரையையும் கூறுகின்றார். சந்தியைத் துடைத்துத் தூய்மை செய்து, புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்பதே அது. தாம் தப்பிச் செல்வது மட்டும் போதாது. பின்னே வருவோனும் வழி தப்பக்கூடாது என்னும் கருத்து அதனுள் அடங்கியிருக்கின்றது.

இவ்வறிவுரை எத்துணைப் பெரியது என்பதை, ஆஸ்திரேலியக் கண்டத்தின் நடுவே 1861ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு துன்ப வரலாறு நன்கு விளக்கும்.

அக்காலத்தில் அக்கண்டத்தின் கடலோரங்களில் மட்டுமே ஆங்கிலேயர் பரவலாகக் குடியேறியிருந்தனர். உள்நாட்டின் பெரும்பகுதி அவர்கள் அறியாதது. தெற்கேயுள்ள மெல்போர்ன் நகரிலிருந்து வடகடல் வரை குறுக்கே சென்று திரும்ப, விக்டோரியா ராயல் சங்கம் ஒரு குழுவை அனுப்பியது. 1860 ஆகஸ்ட் 20ஆம் நாள் 19 பேரும், 26 ஒட்டகங்களும், 23 குதிரைகளும் ஊரார் ஆரவாரத்தினிடையே புறப்பட்டனர். ஒட்டகங்களிற் பெரும்பாலானவை அன்றைய இந்தியாவின் கராச்சித் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவை. தலைவர் ராபர்ட் ஓஹாரா பர்க் காவல்துறை அதிகாரி, துணிவுடையவர், ஆயினும் காட்டுப் பயணத்தில் பழக்கம் இல்லாதவர். வில்லியம் ஜான் வில்ஸ் என்னும் இளைஞர் நில அளவையிலும் விண்மீன் நோக்கித் திசையறிவதிலும் வல்லவர்.

கண்டத்தின் நடுப்பகுதியில் கூப்பர் ஓடை என்னும் நீர்நிலையை அடைந்து, கரையில் ஒரு கூலிபா மரத்தடியில் பாசறை அமைத்தனர். டிசம்பர் 16 அன்று பர்க், வில்ஸ், கிங், கிரே ஆகிய நால்வர் மட்டும் மூன்று மாத உணவோடு வடக்கே புறப்பட்டனர். பாசறைப் பொறுப்பை ஏற்ற பிராகி என்பவருக்கு, மூன்று மாதம் காத்திருக்குமாறு பர்க் கட்டளையிட்டார். நால்வரும் 1861 பிப்ரவரியில் வடகடலை அண்மினர். அலையாத்திக் காடும் சேறும் மறித்தமையால் கடலைக் கண்ணாரக் காணாமலே திரும்பினர். வரும் வழியில் கிரே இறந்தார். அவரைப் புதைக்க ஒரு நாள் தங்கினர்.

பிராகி நான்கு மாதங்களுக்கு மேலாகவே காத்திருந்தார். உடனிருந்தோர் நலிவுற, ஏப்ரல் 21 காலையில் பாசறையைக் கலைத்தார். உணவில் ஒரு பகுதியைப் புதைத்து, தோண்டிப் பார்க்குமாறு மரத்தில் ஆங்கில எழுத்துகளைச் செதுக்கிவிட்டுப் புறப்பட்டார். அன்று மாலையே மற்ற மூவரும் வந்து சேர்ந்தனர். இடைப்பட்ட நேரம் ஏறத்தாழ ஒன்பது மணி.

மரம் தன் கடமையைச் செய்தது. மூவரும் தோண்டினர்; உணவு பெற்றனர். ஆனால் வந்த வழியே மெல்போர்னை நோக்கித் திரும்பாமல், தென்மேற்கே ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மவுண்ட் ஹோப்லெஸ் செல்லலாம் எனப் பர்க் முடிவு செய்தார். தாம் வந்ததையும் செல்லும் திசையையும் எழுதிய கடிதத்தை அக்குழியிலேயே வைத்து மூடி, மேற்பரப்பைப் பழையபடி ஆக்கினர். மரத்தில் ஓர் எழுத்தையும் புதிதாகச் செதுக்கவில்லை.

மே 8ஆம் நாள் பிராகி, ரைட் என்பவரோடு மீண்டும் அங்கு வந்தார். சுமார் கால் மணி நேரமே நின்றார். மரத்தில் தாம் செதுக்கியதே இருந்தது. மண் கலைந்ததாகத் தோன்றவில்லை. எவரும் வரவில்லை எனக் கருதி, தோண்டாமலே திரும்பினார். மே 30இல் வில்ஸ் மறுபடியும் அம்மரத்தடிக்கு வந்தார். பிராகி வந்துபோனதற்கு எந்த அடையாளமும் இல்லை. தம் நாட்குறிப்புகளை அவர் அங்கே புதைத்துவிட்டு நடந்தார். உயிர் காக்கும் செய்தி மண்ணுக்குள் இருந்தது. அதை அறிவிக்கும் குறி மண்ணுக்கு மேல் இல்லை.

அப்போதும் உயிர் பிழைக்க வழி இருந்தது. கூப்பர் ஓடைக் கரை பாழ்நிலம் அன்று. யாண்ட்ருவாந்தா என்னும் பழங்குடியினரின் தாயகம். அவர்கள் மீனும், நார்டு என்னும் நீர்ச்செடியின் விதையுறைகளிலிருந்து ஆக்கிய உணவும் கொடுத்தனர். நார்டு நம் ஆரைக்கீரையின் இனத்தைச் சேர்ந்தது. பழங்குடியினர் அவ்வுறைகளை வறுத்து, நீர்விட்டு அரைத்துப் பக்குவம் செய்து உண்பர். வந்தவர்களோ பக்குவத்தை முழுமையாகக் கற்கவில்லை. பதப்படுத்தாத நார்டு உடலிலுள்ள பி1 உயிர்ச்சத்தை அழிப்பதால், உண்ண உண்ண நலிவே மிகுந்தது என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். மேலும், பர்க் அம்மக்களை ஐயுற்று, துப்பாக்கியால் சுட்டு அச்சுறுத்தி விரட்டினார். பர்க், வில்ஸ் இருவரும் மாண்டனர். கிங் மட்டும் அம்மக்களிடம் அடைக்கலம் புகுந்தார். அவர்கள் உணவளித்துக் காத்தனர். செப்டம்பர் 15இல் ஹோவிட் தலைமையில் தேடிவந்த குழு அவரை உயிரோடு கண்டது. இப்பயணத்தில் இறந்தோர் மொத்தம் எழுவர்.

இவர்களிடம் திசைகாட்டிக்குக் குறைவில்லை. அளவைக் கருவிகளும் இருந்தன. அவர்கள் தவறவிட்டவை இரண்டு: பின்வருவோர்க்குக் குறி விடுதல், அந்நிலத்தில் வாழ்வோரைக் கேட்டறிதல். இன்றும் ஆஸ்திரேலிய உள்நாட்டில் பயணம் செய்வோர்க்குச் சொல்லப்படும் விதிகள் இவற்றிலிருந்து வேறானவை அல்ல. செல்லும் பாதையையும் திரும்பும் நாளையும் ஒருவரிடம் சொல்லிச் செல்க. போதிய நீர் கொண்டு செல்க. வண்டி நின்றுவிட்டால் அதனை விட்டு அகலற்க என்பனவே அவை.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கும் இது புதிதன்று. புதிய நகரில் இரயிலிலிருந்து இறங்கும் குடும்பத்துக்கு வீடும், பள்ளியும், அரிசி கிடைக்கும் கடையும் காட்டியவர்கள் முன்னே வந்த நம்மவர். அம்முன்னோர்க்கோ அவற்றைக் காட்டியவர்கள் இவ்வூர் மக்கள். அவர்தம் மொழியை நன்கு கற்றவரே விரைவில் வேரூன்றினர். நாம் பெற்ற வழியைப் பின்வருவோர் காணும்படி வைத்துச் செல்வது நம் கடமை. சந்திதோறும் ஒரு புல்லை முடிந்துவைப்போம்.