சுமைதாங்கியும் கோஸ் மினாரும்

குமரி முனையிலிருந்து தில்லி வரை தரைவழியே சென்று நாட்டைக் காண வேண்டுமென்பது என் நெடுநாளைய அவா. சென்ற ஆண்டு என் காக்காவுடன் காரில் புறப்பட்டபோது அது நிறைவேறிற்று.

மதுரை வரையிலான வழி இராணி மங்கம்மாளை நினைவூட்டுவது. 1689 முதல் 1706 வரை ஆண்ட அவ்வம்மையார் குமரிக்கு அமைத்த சாலை, தென்பாண்டி மக்கள் நாவில் இன்றும் மங்கம்மாள் சாலையே. எங்கள் கண்கள் வேறொன்றைத் தேடின. எங்கள் வாப்பா ஜவுளி மூட்டையைத் தலையில் சுமந்து ஊரூராய் விற்றவர். கருவுற்ற நிலையில் மாண்ட பெண்ணின் நினைவாகச் சாலையோரம் நாட்டப்பெறும் சுமைதாங்கிக் கல்லில்தான் மூட்டையை இறக்கி மூச்சு வாங்குவாராம். பிறர் கை உதவாமலே சுமையை இறக்கவும் ஏற்றவும் ஏற்ற உயரம் அக்கல்லுக்கு உண்டு. அகன்று கிடக்கும் நான்கு வழிச்சாலையில் ஒரு கல்லும் எங்களுக்குத் தென்படவில்லை; புளியமர நிழலும் இல்லை.

நாகபுரியைத் தாண்டினால் பெஞ்ச் காடு. அங்கே வனவிலங்குகள் கீழே கடந்து செல்லுமாறு சாலையையே உயர்த்திக் கட்டியுள்ளனர். மெச்சத்தக்க செயல். ஆனால், அவ்வழியில் நாங்கள் உணவருந்திய சாலையோரக் கடைக்காரர் சொன்னது நெஞ்சை அறுத்தது. 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்ட பின், ஐதராபாத்திலிருந்து வடக்கே தத்தம் ஊர் நோக்கிக் குழந்தைகளைத் தோளில் சுமந்து நடந்த தொழிலாளரை அவர் நாள்தோறும் கண்டாராம். கடையை அடைத்துவிட்டு, வாசலில் தண்ணீர்ப் பானைகளை மட்டும் வைத்தாராம். யார், எந்த ஊர் என்று கேட்டீர்களா என்றேன். “தாகத்தைத்தான் பார்த்தேன்” என்றார்.

ஆக்ராவைக் கடந்ததும் ஷேர்ஷா நினைவுக்கு வந்தார். 1540 முதல் 1545 வரை ஐந்தே ஆண்டுகள் ஆண்டவர். சாலைகளில் இரண்டு கோஸுக்கு ஒரு சராய் எழுப்பி, இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அவரவர் வழக்கப்படி உணவும் நீரும் கிடைக்கச் செய்தார் என அக்பர் காலத்து அப்பாஸ்கான் ஸர்வானி எழுதி வைத்துள்ளார். அச்சாலைகளில் படைகளும் விரைந்தன என்பதை மறைப்பதற்கில்லை. அரசர் எவரும் வெறும் தருமத்துக்காகச் சாலை போடுவதில்லை. எனினும், நடப்பவனும் அவர்கள் கணக்கில் இருந்தான். 1619-இல் ஜஹாங்கீர், ஆக்ராவிலிருந்து லாகூர் வரை கோஸுக்கொரு தூணும் மூன்று கோஸுக்கொரு கிணறும் அமைக்க ஆணையிட்டார்.

அத்தகைய கோஸ் மினார் ஒன்று தில்லி மிருகக்காட்சி சாலைக்குள் நிற்கிறது. வழிப்போக்கனுக்காக எழுப்பிய தூணைக் காண நுழைவுச்சீட்டு வாங்கினோம். காக்கா நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். “வாப்பாவாக இருந்தால், மூட்டையை எங்கே இறக்குவது என்றுதான் முதலில் கேட்டிருப்பார்” என்றார்.