மோட்லைன்

மோட்லைன் என்பது ஓர் உரைக்கோப்பை எந்த அமைப்புகளோடு திறக்க வேண்டும் என்பதை எடிட்டருக்குத் தெரிவிக்கும் வரி. கோப்புக்குள்ளேயே கமெண்டாக எழுதப்படுவதால் நிரலின் ஓட்டத்தை இது பாதிப்பதில்லை. டேப்பின் அகலம், உள்தள்ளலுக்கு டேப்பா ஸ்பேஸா, கோப்பு எந்த மொழியைச் சேர்ந்தது போன்றவை இதில் குறிக்கப்படும்.

இதன் தேவை டேப் விசையிலிருந்து பிறந்தது. யூனிக்ஸ் மரபில் டேப் என்பது 8 இடம். லினக்ஸ் கெர்னல் இன்றும் அதையே பின்பற்றுகிறது. பைத்தானின் நடைவழிகாட்டியோ 4 ஸ்பேஸ் கேட்கிறது. மேக்ஃபைலில் கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும். ஸ்பேஸ் இட்டால் பிழை. இம்மூன்றையும் ஒரே நாளில் தொடுகிறவருக்கு ஒரே பொது அமைப்பு உதவாது.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பில் ஜாய் உருவாக்கிய விஐ எடிட்டரில் இவ்வசதி இருந்தது. ஆனால் அதில் எந்தக் கட்டளையையும் இவ்வரி வழியே இயக்க முடிந்தது. அந்நியர் தந்த கோப்பைத் திறப்பதே ஆபத்தாயிற்று. பின்னர் வந்த என்விஐ, இவ்வசதி ஒருபோதும் சேர்க்கப்படாது என்று தன் கையேட்டிலேயே எழுதிவைத்தது. 1991இல் பிராம் மூலெனார் அமிகா கணினிக்காக வெளியிட்ட விம், இடைவழி கண்டது. செட் கட்டளை மட்டுமே அனுமதி. கோப்பின் முதல் 5, கடைசி 5 வரிகளில் மட்டுமே தேடும். செட் என்று எழுதும் வடிவில் அமைப்புகளுக்குப் பின் ஒரு முக்காற்புள்ளி கட்டாயம். சி மொழியில் கமெண்டை மூடும் குறியை அமைப்பின் பகுதியாக எண்ணாமல் காப்பது அதுவே. புதியவர்கள் விட்டுவிடுவதும் அதையே.

ஈமாக்ஸ் எடிட்டர் முதல் வரியில் இரு கோடுகளுக்கு நடுவே உடுக்குறி இட்ட அடையாளத்தைத் தேடும். பைத்தான் 2 நிரலில் தமிழ் எழுத்துகளைச் சேர்க்க முதலிரு வரிகளுக்குள் எழுதப்பட்ட குறியாக்க அறிவிப்பு பெரும்பாலும் இந்த வடிவிலேயே இருந்தது.

2019இல் விம், அதிலிருந்து கிளைத்த நியோவிம் இரண்டிலும் மோட்லைன் வழியே அந்நியக் கட்டளைகளை இயக்கவல்ல ஓட்டை கண்டறியப்பட்டு, விம் 8.1.1365 பதிப்பில் அடைக்கப்பட்டது. டெபியன் லினக்ஸ் விம்மில் இவ்வசதியை அணைத்தே வழங்குகிறது. ஆயினும் தனியே கைமாறும் ஒற்றைக் கோப்புக்கு மோட்லைனே தக்க வழி.

திட்டம் முழுவதற்கும் ஒரே அமைப்பைத் தர இப்போது எடிட்டர்கான்ஃபிக் கோப்பு பரவலாகப் பயன்படுகிறது. நியோவிம் 2023 முதல் அதைத் தானே படிக்கிறது.