"இஞ்சின் முடிஞ்சு" என்ற மொரிஸ் மைனரும், 1888இன் ஒரு தொப்பி ஊசியும்

வாப்பாவின் மொரிஸ் மைனரை விற்பது என்று போன மார்கழி மாரியில் வீட்டில் முடிவாகிவிட்டது.

மழை முழுக்க நின்ற கார். ஸ்டார்ட் பண்ணினால் "டொக்" என்று ஒரு சத்தம், அதற்குமேல் ஒன்றுமில்லை. ஒரு கராஜில் புதுப் பற்றரி போட்டார்கள். பிறகு கொயில். பிறகு நான்கு பிளக்குகள். ஒவ்வொரு முறையும் பில், ஒவ்வொரு முறையும் அதே "டொக்". கடைசியில், "இஞ்சின் இறுகிட்டு சேர். பிரிக்கிற செலவுக்கு விக்கிறது நல்லம்" என்றார்கள். பழைய இரும்பு விலைக்கு ஒருவர் வந்து பார்த்தும் போனார். உம்மா ஒன்றும் பேசவில்லை. வாப்பா மௌத்தான பிறகு அந்தக் காரை வாரத்துக்கு ஒருமுறை துடைப்பவர் அவர்தான்.

அந்த வெள்ளிக்கிழமை வாப்பாவின் கூட்டாளி ஒருவர் வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கராஜ் வேலை செய்து ஓய்ந்த மனிதர். நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். வந்தவர் பொனட்டைத் திறக்கவில்லை. டிக்கியைத் திறந்து, ஒரு மூலையில் சாக்கில் சுற்றிக் கிடந்த ஹேண்டிலை எடுத்தார்.

"மகன், சாமான் மாத்த முதல் காருக்கிட்டக் கேக்கணும். சுத்துதா? நெருப்பு இரிக்கா? எண்ணெ வருதா? மூணு கேள்விதான்."

பிறகு நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால், அந்த மூன்று கேள்விகளும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தேன். அவை காரின் வயதேயானவை.

1886இல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அதை ஸ்டார்ட் செய்ய, பின்னாலிருந்த பெரிய சில்லு ஒன்றைக் கையால் சுழற்ற வேண்டும். 1888 ஓகஸ்டில் அவரது மனைவி பேர்த்தா, கணவருக்குச் சொல்லாமலே, இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதை. பெற்றோல் செட் என்று ஒன்று உலகில் இல்லை. வீஸ்லொக் என்ற ஊரில் மருந்துக் கடையில்தான் எரிபொருள் வாங்கினார்.

வழியில் எரிபொருள் குழாய் அடைத்தது. தொப்பியில் குத்தியிருந்த நீண்ட ஊசியால் அதைக் குத்தித் திறந்தார். இன்னோர் இடத்தில் மின்வயரின் உறை தேய்ந்தது. காலுறையை இறுக்கும் பட்டியால் அதைச் சுற்றிக் கட்டினார். முதலாவது "எண்ணெ வருதா", இரண்டாவது "நெருப்பு இரிக்கா". உலகின் முதல் நீண்ட கார்ப் பயணத்திலேயே மாமாவின் கேள்விகளில் இரண்டு கேட்கப்பட்டு, பதிலும் கிடைத்துவிட்டது. அவர் எதையும் கழற்றி எறியவில்லை. எங்கே தடைப்பட்டது என்று மட்டும் பார்த்தார்.

பிறகு வந்த பொறியியலாளர்கள் இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக இலகுவாக்கினார்கள். நெருப்புக்கு, ரொபர்ட் பொஷ்ஷின் நிறுவனத்தில் கொட்லொப் ஹொனோல்ட் என்பவர் 1902இல் உயர் அழுத்த மக்னீற்றோவையும் அதற்கேற்ற பிளக்கையும் செய்தார். அமெரிக்காவில் சாள்ஸ் கெற்றரிங் வேறு வழியில் போனார். பற்றரி, கொயில், பொயின்ட் என்ற அவரது அமைப்பு 1910ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களில் வந்தது.

அதன் வேலை இப்படித்தான். பற்றரி மின் கொயிலின் சில நூறு சுற்று வழியாக ஓடுகிறது. பொயின்ட் திறக்கும் கணத்தில் அந்த ஓட்டம் அறுகிறது. அறுந்ததும், பக்கத்திலுள்ள பல ஆயிரம் சுற்றுக் கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ற் எழும்பிப் பிளக்கில் பொறியாகப் பாய்கிறது. நான்கு சிலிண்டர் இஞ்சின் நிமிடத்துக்கு 1000 தடவை சுற்றினால் 2000 பொறிகள் வேண்டும். அத்தனையும் சுமார் 0.4 மில்லிமீற்றர் மட்டுமே திறக்கும் ஒரு பொயின்டை நம்பியிருக்கின்றன. அதில் கரி பிடித்தால் கார் நின்றுவிடும்.

"சுத்துதா" என்பதுதான் ஆபத்தான கேள்வி. ஹேண்டிலால் சுற்றும்போது இஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு உடையும். வைத்தியர்கள் இன்றும் மணிக்கட்டில் ஒருவகை எலும்பு முறிவை "ஷோஃபர்ஸ் ஃபிரக்சர்", அதாவது சாரதி முறிவு, என்றுதான் அழைக்கிறார்கள். 1912ஆம் ஆண்டுக் கடிலாக்கில் அதே கெற்றரிங்கின் மின் ஸ்டார்ட்டர் வந்தது. கையைப் பாவிக்கத் தேவையில்லாமல் போயிற்று.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பொறிக்குக் கொயில் எடுப்பது மூன்று, நான்கு அம்பியர்தான். ஸ்டார்ட்டருக்கோ நூறுக்கு மேல் வேண்டும். அந்த வசதியோடு தடித்த வயர், சுவிட்ச், எர்த் பட்டி என்று ஒரு முழுப் பாதையும் காருக்குள் வந்தது. அதில் ஒரு நெட் துருப்பிடித்தாலே கார் அசையாது. ஆகவேதான் ஸ்டார்ட்டர் வந்த பிறகும் பல வருடங்களுக்குக் கார்க் கம்பனிகள் ஹேண்டிலைக் கைவிடவில்லை.

1948 ஒக்டோபரில் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்த மொரிஸ் மைனரும் அப்படித்தான். அதை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ், இன்றைய துருக்கியின் இஸ்மீரில் பிறந்தவர். பத்து இலட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் அது. 1971இல் உற்பத்தி நிற்கும்போது சுமார் 16 இலட்சம் செய்திருந்தார்கள். ஸ்டார்ட்டரும் இருந்தது, முன்னால் ஹேண்டில் போடத் துளையும் இருந்தது.

நம் நாட்டில் இந்தக் காருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை புதிய கார் என்பது பெரும்பாலானோருக்குக் கனவு. உதிரிப்பாகமும் இலகுவில் கிடைக்காது. மாற்றச் சாமான் இல்லாத கராஜில் ஊகம் செய்ய முடியாது. எது பழுது என்று முதலில் நிச்சயமாகத் தெரிய வேண்டும். மாமாவின் தலைமுறை அங்கேதான் படித்தது. அந்தக் கைத்திறனின் தொடர்ச்சியாக, 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள மொரிஸ் மைனர் நிலையத்துக்கு இலங்கையில் பாகங்கள் செய்து அனுப்பினார்கள். கார் பிறந்த நாட்டுக்கே நாம் சாமான் அனுப்பினோம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடையில் 2022இன் பெற்றோல் கியூ. கியூவில் நின்று நின்று பற்றரி இறந்த வண்டிகளை எத்தனை பேர் சேர்ந்து தள்ளினோம் என்பது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் இந்த முறை நம்மிடம் சாமான் மாற்றும் பழக்கம்தான் இருந்தது, கேள்வி கேட்கும் பழக்கம் குறைந்திருந்தது.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

மாமா கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து (திருப்பி உதைத்தால் கை தப்புவதற்கு), ஹேண்டிலைக் கீழிருந்து மேலே இழுத்தார். இஞ்சின் சுற்றியது. "இறுகிட்டு" என்ற தீர்ப்பு அந்த ஒரு இழுவையில் பொய்யானது.

பிறகு சாவியைத் திருப்பச் சொன்னார். பெற்றோல் பம்பிலிருந்து "டிக் டிக் டிக்" என்று கேட்டு, மெதுவாகி, நின்றது. "எண்ணெ நிரம்பிட்டு. நிக்காம அடிச்சா டாங்க் காலி, இல்லாட்டி எங்கயோ காத்து இழுக்குது. சத்தமே இல்லாட்டி பம்ப் பொயின்ட் ஒட்டிட்டு."

அடுத்து ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். "டொக்". வெளிச்சம் கொஞ்சமும் குறையவில்லை. "பற்றரி செத்திருந்தா லைட் மங்கும். மங்கல்ல. கரண்ட் போகவே இல்ல, பாதை எங்கயோ அறுந்திரிக்கி." பிறகு என் கையைப் பிடித்துச் சோக் கேபிளில் வைத்தார். சூடு! ஸ்டார்ட்டருக்குப் போன கரண்ட் திரும்பிவரச் சரியான வழியில்லாமல் அந்த மெல்லிய கேபிளால் வர முயன்றிருக்கிறது.

மீண்டும் சாவி, மீண்டும் ஹேண்டில். இரண்டாவது இழுவையில் இஞ்சின் பிடித்தது. கேபிளில் திரும்பிவரக்கூடிய சிறிய கரண்ட் பொறிக்குப் போதும், ஸ்டார்ட்டருக்குப் போதாது. ஆக, நெருப்பும் எண்ணெயும் சரி.

இஞ்சினை நிறுத்திவிட்டு, கீழே குனிந்து, இஞ்சினையும் பொடியையும் இணைக்கும் பின்னல் எர்த் பட்டியைக் காட்டினார். பாதி அரித்து, நெட் முழுக்கத் துரு. ஜம்பர் வயர் ஒன்றால் பற்றரியின் எர்த் முனையையும் இஞ்சினையும் தொடுத்துவிட்டு, "இப்ப பண்ணு" என்றார். ஸ்டார்ட்டர் சுற்றியது. கார் வாப்பாவின் காலத்துச் சத்தத்தோடு நின்று உறுமியது.

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார்.

மாற்றிய பற்றரி, கொயில், பிளக் எதுவும் பழுதாக இருக்கவில்லை. பழுது, ஒரு பட்டி. மாமா காசு வாங்கவில்லை. பிளேன் டீ குடித்துவிட்டுப் போனார்.

வகுப்பில் ஒரு பிள்ளை "டொக்" என்று நிற்கும்போது நாங்களும் டியூஷனை மாற்றுகிறோம், பாடத்தை மாற்றுகிறோம், கடைசியில் "இவனுக்கு ஏறாது" என்று தீர்ப்பும் எழுதுகிறோம். அந்த வெள்ளிக்குப் பிறகு நான் அந்த வசனத்தை எழுதுவதற்கு முன் கொஞ்சம் நிற்கிறேன்.

கார் விற்பனைக்கு இல்லை. ஹேண்டில் டிக்கியில்தான் இருக்கிறது, சாக்கை மட்டும் உம்மா மாற்றிவிட்டார்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு மாமா இருந்தால், அவர் இருக்கும்போதே போய் அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.